பல்லைப் பார்த்துக் கட்டிய பந்தயம்

தங்கப் பல் கட்டும் பல்லுக்காரர் பார்சலைப் பிரித்தார். உள்ளே இரண்டு வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இரண்டு பேருக்கும் ஒரே டிசைனில் தங்கப் பல் உறை. மாதக் கடைசிக்குள் வேண்டும். பெயர் கேட்கக் கூடாது.'

பெயர் எதற்கு? பல்லுக்காரருக்கு முகம் மறந்துபோகும். மாமியார் முகமே மறந்ததுண்டு. கையில் எடுத்த பல் வரிசை மட்டும் மறக்காது. முதல் அச்சில் கோணல் கோரைப்பல்: ராப் பாடகன் சுத்தியல். இரண்டாவதில் முன்பற்களுக்கு நடுவே விரல் நுழையும் சந்து: ராப் பாடகன் ரம்பம். ஆறு வருடம் முன்பு இருவருக்கும் தங்கப் பல் கட்டியவரே இவர்தான்.

அதே ஆறு வருடமாக இருவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் பாட்டிலேயே நாறடித்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து ஆல்பம் போடுவார்களா என்று ஊரெல்லாம் பந்தயம். 'போடுவார்கள்' என்று கட்டிய சிலரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒரே டிசைன்! ஆல்பம் அட்டைக்குத்தான், வேற எதுக்கு?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார் பல்லுக்காரர். "நமக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்டி!"

"தெரிஞ்சுக்கிட்டே பந்தயம் கட்டினா அது திருட்டு இல்லையா?" என்றாள் அவள், கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்காமல்.

"மாட்டினாத்தானே திருட்டு!"

அவள் அப்பா உருவாக்கிய பட்டறை அது. மாப்பிள்ளை பேரில் அவர் எழுதிக்கொடுத்த ஏமாளித்தனத்தை நினைத்து அவள் அழாத நாளில்லை. குதிரைப் பந்தயத்தில் கார் போயிற்று, கிரிக்கெட்டில் வீடு போயிற்று. மிச்சம் அவள் பூட்டிவைத்த நகையும் இந்தப் பட்டறையும்தான். "பட்டறையை மட்டும் தொடாதீங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாளே பட்டறைப் பத்திரம் பந்தயத் தரகரிடம் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பக்கம் கட்டுவது யார் என்று தரகர் மூச்சுவிட மாட்டார். அது அவருடைய தொழில் தர்மம். "ஆள் கிடைச்சாச்சு. கனமான கைதான்" என்றதோடு சரி.

மாதம் முடிந்தது. ஆல்பம் வரவில்லை. வந்தது ரம்பத்தின் புதுப் பாட்டு. அதில் சுத்தியலின் கொள்ளுத்தாத்தாவரை கிழித்துத் தொங்கவிட்டிருந்தான். தங்கப் பல்லை வாங்க ஈ காக்கைகூட வரவில்லை.

தரகரைப் பார்த்துவிட்டு வந்த பல்லுக்காரர் பட்டறை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார். "போச்சு. என்னை மன்னிச்சிடு. ஜெயிச்சவங்க பத்திரத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். யாருன்னுகூடச் சொல்ல மாட்டேங்கறான்." உண்மையிலேயே அழுதார்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏங்க, ரம்பம் போன வருஷம் மேடையிலேர்ந்து குப்புற விழுந்து முன்பல்லு ரெண்டும் போச்சே, ஊரே பார்த்துச்சே. அச்சுல மட்டும் அது எப்படி முளைச்சுது?"

பல்லுக்காரர் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து போய் அந்த அச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம அலமாரியில இருக்கற பழைய அச்சுலேர்ந்து நகல் எடுத்து அனுப்பினா அப்படித்தான் வரும்" என்றாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்து, பட்டறைப் பத்திரத்தைத் தன் பெயர் தெரியும்படி மேசைமேல் விரித்து வைத்தவள், "காலையில ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துடுங்க, லேட்டா வந்தா சம்பளத்துல பிடிச்சுடுவேன்" என்றாள்.