மீசையில் ஒட்டிய தார்

சுதந்திரக் கொடி ஏற்றி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. சந்தைமுக்கில் வெள்ளைக்காரத் துரையின் சலவைக்கல் சிலையை இறக்கி, வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் கிடத்தியிருக்கிறார்கள். உச்சிவெயிலில் மண்ணெண்ணெய் நாறுகிறது. முன்பு ஊற்றப்பட்ட அன்றே போலீஸ்காரர்கள் சுரண்டியும் மீசையிலும் காதுக்குள்ளும் தங்கிவிட்ட தாரை, கொத்தனார் லாசர் குச்சியில் துணி சுற்றி, குழந்தைக்குக் காது குடைவதுபோல எடுத்துக்கொண்டிருக்கிறார். தலையில் கீரைக்கூடையோடு வந்த சாலம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “ஏனுங்க, அது எங்கூட்டுக்காரரு ஊத்துன தாருங்க. அதுக்குத்தானுங்களே செயிலுக்குப் போயிச் செத்தாரு. அதோடயே போவட்டுமுங்க.” கதர்த்துண்டு போர்த்திய ஊர்த்தலைவர் அருணகிரி வண்டி மாட்டைப் பார்த்தபடியே பதில் சொல்கிறார்: “மெட்ராசுல பத்திரமா வெக்கப் போறாங்க அம்மிணி. அழுக்கோட அனுப்புனா நம்மூருக்குத்தான் கேவலம்.” அவருடைய இடக்கை வைக்கோலைச் சிலையின் தலைக்கடியில் அணைத்து வைக்கிறது. வலக்கை துண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கொதிக்கும் தார்ச்சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த கை அது. வெந்துபோன அந்தப் புறங்கைக்கு மூன்று நாள் கற்றாழை வைத்துக் கட்டியவள் சாலம்மாள். அது யாருடைய கை என்பதை, எத்தனை அடி விழுந்தும், அவள் புருஷன் குழந்தைவேல் கடைசிவரை போலீசுக்குச் சொல்லவில்லை.