சமையற்கட்டுச் சோதனை

நான்காவது சாப்பாட்டுக் கடையிலிருந்தும் அவர் வெளியே வந்துவிட்டார்.

உள்ளே நாய் படுத்திருக்கிறதாம்.

அவள் ஏதாவது சொன்னால் சண்டையாகும். பிரான்சுக்கு வந்து, அவினியோன் நகரத்து நடுத்தெருவில், கட்டின புருஷனோடு சண்டை போடுவானேன்.

நாய் மேசைக்கு அடியில் யாருடைய செருப்பின் மீதோ தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. செருப்புக்காரர் மேலே நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சுட்ட கோழிக்கால், பக்கத்தில் பீன்ஸ். அவள் அந்தத் தட்டைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டாள்.

வாசலில் கரும்பலகை. சாக்பீஸில் இரண்டே வரி, பக்கத்தில் விலை.

பாரிஸிலிருந்து ரயிலேற்றிவிடும்போது மகள் தேன்மொழி படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். சதுக்கத்துப் பக்கம் போகாதீர்கள், அங்கே பகல்கொள்ளை. சந்துக்குள்ளே அன்றைக்கு என்ன சமையல் என்று பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். அதுதான் மலிவு, அதுதான் நன்றாகவும் இருக்கும். ஆனால் இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ராத்திரி ஏழு மணிவரை ஒருத்தரும் எதுவும் தரமாட்டார்கள்.

மணி ஒன்று இருபது.

பன்னிரண்டரைக்கு முதல் கடை வாசலில் நின்றபோது அவர்தான் சொன்னார், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள், உட்கார்ந்ததும் சாப்பிட்டுவிடலாம் என்று. அவளும் நம்பி விழுங்கிவிட்டாள். பிறகுதான் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கூட்டமே இல்லை, நேற்றுச் செய்ததைச் சுடவைத்துப் போடுவான் என்று திரும்பிவிட்டார்.

இரண்டாவதில் கூட்டம் அதிகம். அவசரத்தில் தட்டை ஒழுங்காகக் கழுவமாட்டார்களாம்.

மூன்றாவதில் வாசலுக்கு வந்து சிரித்துக் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிற கடையில் சரக்கு சரியிருக்காதாம்.

முப்பத்தொரு வருஷம் திண்டுக்கல்லில் சுகாதார ஆய்வாளர். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே ஓட்டல்காரர்கள் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அவர் உட்காரமாட்டார். ஒரு வாய் டீ குடித்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேரே சமையற்கட்டுக்குள் போவார்.

அந்த நேர்மையில் வீட்டிலும் யாரும் வெளியே சாப்பிட்டதில்லை. தேன்மொழி முதன்முதலில் ஓட்டல் தோசை தின்றது கல்யாணத்துக்குப் பிறகுதான், மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்து.

ஓய்வு கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அவருக்கு யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை போலும்.

ஐந்தாவது கடைக்கு வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். வெயில் பிடரியில் அடித்தது. அங்கே ஒரு ஈ இருந்தது.

ஒரே ஒரு ஈ.

கைப்பையின் அடியில் கிடந்த கடைசி ஆரஞ்சு மிட்டாயை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். காலையில் ரயிலில் தின்ற இரண்டு இட்லி எப்போதோ கரைந்துவிட்டது.

ஆறாவது கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவதில் கதவில் தொங்கிய பலகையைக் கடை மூடியாயிற்று என்ற பக்கம் திருப்பி மாட்டினார்கள்.

இரண்டு பத்து.

என்ன ஊர் இது, மனுஷனுக்கு மணி பார்த்தா பசிக்கும் என்று அவர் எரிந்துவிழுந்தார். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சிரிக்கத் தெம்பில்லை.

விரல் நடுங்கியது. பிடரியில் வேர்வை குளிர்ந்தது.

திரும்பிய சந்தில் அந்த நாய்க்கடை. வாசலில் ஒரு இரும்பு நாற்காலி மட்டும் மிச்சமிருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ரெண்டு தெரு பார்க்கலாம் என்றார் அவர்.

"நான் எந்திரிக்கிறதா இல்ல. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை.

உள்ளே போனார்.

செருப்புக்காரர் போய்விட்டிருந்தார். நாய் போகவில்லை, கடையின் நாய்தான் போலிருக்கிறது. எழுந்து வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. காலி மேசைகளைத் தாண்டி அவர் யாரையும் கேட்காமல் நேரே சமையற்கட்டுக்குள் நுழைந்தார். அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து சத்தம் போட்டாள். கையிலிருந்த பிரஷ்ஷால் வெளியே போகச் சொல்லி வாசலைக் காட்டினாள்.

போச்சு, இங்கேயும் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் நின்றதும்தான் திறந்தாள்.

அவர் கைகள் பின்னால் இல்லை. இரண்டும் சேர்ந்து நெஞ்சுக்கு நேரே குவிந்திருந்தன. என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், தமிழில்தான். பிறகு திரும்பி அவளைக் காட்டினார்.

முதலில் பழச்சாறு வந்தது. பின்னாலேயே ஒரு கூடை ரொட்டி. அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைக்கும் சத்தம் கேட்டது. வெண்ணெய் உருகும் வாசம் வந்தது.

தட்டு நிறைய ஆம்லெட். பாதி முடிகிறவரை அவள் தலை நிமிரவில்லை.

நடுக்கம் அடங்கியது. கோபம் அடங்கவில்லை. அதற்கு இப்போதுதான் தெம்பு வந்திருந்தது.

அவர் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்திருந்தார். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவில்லை. முள்கரண்டியைத் துடைக்கவில்லை. நாய் நகர்ந்து வந்து அவருடைய செருப்பின் மீது தலையை வைத்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அவரைச் சும்மா விடுவதாக இல்லை அவள்.

"சமையக்கட்டு எப்படி இருந்துச்சு? சுத்தமா?"

அவர் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தார். தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலையே" என்றார்.