நடுவில் நுழைந்தவள்

ஃப்ரெஸ்னோ பல்கலைக்கழக வாசலில் வண்டி நின்று வெகுநேரமாகியும் ஒஃபேலியா இறங்கவில்லை.

"வண்டியைத் திருப்பு, ரமிரோ. நான் உள்ள போகல."

"கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷமும் கணக்குல நீதானே முதல்? இங்க இன்ஜினீயரிங்ல நேரா மூணாம் வருஷத்துக்கு சீட்டு சும்மாவா குடுத்தாங்க?"

"அது அங்க. இங்க எல்லாரும் ரெண்டு வருஷமா ஒண்ணாப் படிக்கறவங்க. நான் நடுவுல போய் நுழையறேன். அறிமுகக் கூட்டத்துல என்னைப் பார்த்ததும் பேச்சையே நிறுத்திட்டாங்க."

"நிறுத்தட்டும். புரீட்டோ கட்டி வெச்சிருக்கேன், மறக்காம சாப்பிடு. அழாம போ."

"எனக்கு பயமா இருக்குடா. திராட்சைத் தோட்டத்து வேலைக்கே திரும்பப் போயிடறேன்."

அதுவரை அதட்டிக்கொண்டிருந்த ரமிரோவின் குரல் சட்டென்று உடைந்தது.

"நீயே பயந்து ஓடிட்டா, அடுத்த வருஷம் அதே கம்யூனிட்டி காலேஜ்லேருந்து இங்க வர எனக்கு எங்கேருந்தும்மா தைரியம் வரும்?"

நாற்பத்து மூன்று வயது ஒஃபேலியா தன் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பயந்துதான் போயிருந்தான்.

அவளுடைய பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் கதவைத் திறந்து இறங்கினாள்.