பத்துக்குப் பத்து

“அட்டையில ஸ்டாமென் கோலெவ்னு பார்த்ததும் மீசை வச்ச ஆள் யாரோ வரப் போறார்னு நெனச்சேன்” என்று சிரித்தார் பேராசிரியர் தோஷேவ்.

அந்தப் பெயர் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்மணி. “சந்தா வீட்டுக்காரர் பேர்ல இருக்குங்க. அவரால வர முடியலை. கடுதாசி வந்துதேன்னு நான் வந்தேன். என் பேர் பென்கா.” வாசலில் சொன்னதையே, அதே குரலில், இங்கேயும் சொன்னாள்.

“பாதகமில்லம்மா. அவர் தோட்டத்தைப் பார்ப்பார், நீங்க நாட்டைப் பாருங்க!” தன் நகைச்சுவைக்குத் தோஷேவே முதலில் சிரித்தார். சோபியா பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷம் சட்டப் பாடம் நடத்தியவர். வகுப்பில் வேறு யாரும் சிரித்ததில்லை என்பதால் வந்த பழக்கம்.

பத்திரிகைகள் சங்கம் ஆண்டுதோறும் ‘நேர்மையான செய்தி’ என்று ஒன்றுக்குப் பரிசு கொடுக்கும். தேர்ந்தெடுப்பவர்கள் மூவர்: தலைவராக ஒரு பேராசிரியர், சந்தாதாரர் பட்டியலில் குலுக்கி எடுத்த இரண்டு வாசகர்கள். மூன்று கையெழுத்தும் விழுந்தால்தான் பரிசு. விழுந்துவிட்டால் மறுநாள் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்தச் செய்தி மறுபடி அச்சாகும்.

காபி வந்தது. இன்னொரு வாசகியான மருந்துக்கடை இஸ்க்ரா ஒரு கோப்பையைப் பென்கா பக்கம் தள்ளினாள்.

“வேண்டாங்க. எங்க வீட்டுல மலை மூலிகை டீதான்.”

“கொடுத்துவச்சவங்க. அதான் ரத்த அழுத்தம் இல்லாம இருக்கீங்க” என்று இஸ்க்ரா அதையும் தானே குடித்தாள்.

மேசையில் கிடந்தது போன நவம்பர் மாதச் செய்தி. நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு அறுந்து விழுந்து, அதை ஓட்டியவரோடு சேர்த்து மூன்று பேர் சாவு. தோஷேவ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நிர்வாகம் என்ன சொல்லுது? கம்பி நல்லாத்தான் இருந்தது, கூண்டு ஓட்டினவர்தான் நேரத்துக்கு பிரேக் போடலைன்னு சொல்லுது. இது ஒரு பக்கம். சாதாரண நிருபர்னா இதோட கடையைக் கட்டியிருப்பான். இவன் செத்தவர் வீடு வரைக்கும் போயிருக்கான்! கேளுங்க.”

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: “‘எனக்கு யார் மீதும் கோபமில்லை. முந்தின இரவு அவர் கண்மூடவே இல்லை. அரைத் தூக்கத்தில்தான் வேலைக்குக் கிளம்பினார். அவர் பாதி குடித்து வைத்த காபிக் கோப்பை இன்னும் மேசைமேல் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை’ என்றார் கூண்டு ஓட்டுநரின் மனைவி.”

இஸ்க்ரா மூக்கை உறிஞ்சினாள். “அந்தக் கோப்பைதான் சார் என்னைக் கொன்னுடுச்சு. தூக்க மாத்திரை கேட்டு எங்கிட்ட எத்தனையோ விதவைங்க வர்றாங்க, ஒருத்தருக்கும் இப்படிப் பேச வராது.”

“அவர் பேரையும் மனைவி பேரையும் போடாம விட்டிருக்கான் பாருங்க, அதுதான் நாகரிகம்” என்றார் தோஷேவ்.

பென்கா மெல்லக் கேட்டாள். “மத்த ரெண்டு பேர் வீட்டுல கேக்கலீங்களா?”

“அவங்க கல்யாணமாகாத பசங்கன்னு போட்டிருக்கே. நீங்க படிச்சீங்களா, இல்லியா?”

“படிச்சேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணலீங்க.”

தோஷேவ் இஸ்க்ராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். குலுக்கலில் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அதற்கு அர்த்தம்.

“இதுல தப்பு இருக்குன்னு யாராவது எழுதிப் போட்டா, பத்திரிகையில போடுவாங்களா?” என்றாள் பென்கா.

“எழுதுவாங்கம்மா, வேலையத்தவங்க. அதுக்குத்தானே ஒவ்வொரு ஆபீஸ்லயும் குப்பைத் தொட்டி வச்சிருக்கு.”

“அப்படித்தான் இருக்கும்” என்று பென்கா தலைகுனிந்து மதிப்பெண் தாளைப் பார்த்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கீழே சாப்பாட்டு அறையிலிருந்து ஆட்டுக்கறி மணம் மாடிப்படி ஏறி வந்தது. நேர்மைக்கு அதற்குமேல் நேரம் ஒதுக்கத் தோஷேவுக்கு மனமில்லை. தானும் இஸ்க்ராவும் கையெழுத்துப் போட்ட தாளைப் பென்காவின் முன் நகர்த்தி, பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

“நான் பத்துக்குப் பத்து. இவங்களும் பத்துக்குப் பத்து. அடுத்த மாசம் விசாரணை வருது, ஜட்ஜுகூட இதைப் படிச்சிட்டுத்தான் நாற்காலியில உட்காருவார். அந்தத் தரம்! நிர்வாகமும் அதையே சொல்லுது, கட்டின மனைவியும் அதையே சொல்றா. வேற என்னம்மா வேணும் உங்களுக்கு? ஒரே ஒரு குறை சொல்லுங்க, எழுதினதை நானே கிழிச்சுப் போடறேன்.”

பென்கா பேனாவைத் தொடவில்லை. தன் முன்னால் இருந்த பெயர் அட்டையை இரண்டு கையாலும் எடுத்து, அவர் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“இவருக்குக் காபியே ஆகாதுங்க.”