முதுகில் இரண்டு வரிசை

சிவப்புப் புள்ளிகள் புருஷனின் முதுகில் இரண்டு வரிசையாக இருந்தன. மாற்றுச் சட்டையோடு அறைக்குள் வந்த கிறிஸ்டின் அதைப் பார்த்து அலறினாள்.

“அட்ரியன் அப்பா! என்ன இது?”

மூன்று வருடமாக அவள் வாயில் வராத பேர் அது. மகன் அட்ரியன் முருகன் கோயிலில் வைத்து லோஷினிக்குத் தாலி கட்டிய அன்று, “இனி அவன் செத்தாலும் எனக்குச் சொல்லக் கூடாது” என்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னவள் அவள். புருஷன் அமலதாஸும் அவளைத் தடுக்கவில்லை. அன்றிலிருந்து ஜொகூரின் சாஆ ஊரில் அந்த வீட்டில் இரண்டே பேர்.

அமலதாஸ் அவசரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டார். “வேர்க்குரு லா. வெயிலு என்னா போடு போடுது பாத்தியா?”

“வேர்க்குரு வரிசையா வருமா? எங்க ராயப்பன் அண்ணனுக்கும் இப்படித்தான் செவப்பு செவப்பா வந்துச்சு. பதினேழாம் நாளு பொதைச்சோம். ரத்தத்துல புத்துநோயின்னு கடைசியிலதான சொன்னாங்க!”

“அலமாக்! நீ இப்பவே பெட்டிக்கு அளவு எடுத்துருவ போல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் துரும்பாக இளைத்துத்தான் போயிருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து கறி மீன் தொடவில்லை, ஒரே வேளைச் சாப்பாடு, வெறும் பாயில் படுக்கை. சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கூப்பிட்டாலே முழங்கால் வலி வந்துவிடுகிற மனுஷன் இப்படி மாறிவிட்டாரே என்று சர்ச்சில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் கிறிஸ்டின் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

இதில் எட்டு மாதமாக வாராவாரம் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு வேறு போய் வருகிறார். யாரோ சிநேகிதரைக் கூட்டிப் போக வேண்டுமாம். நேற்றும் அப்படித்தான் போய் இருட்டிய பிறகு திரும்பினார். சிநேகிதருக்கா வைத்தியம், இல்லை இவருக்கேவா?

அந்த நினைப்பு வந்த பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளுமா? அன்று மாலைப் பெரிய வியாழன் பூசைக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு, முரண்டு பிடித்தவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் சாந்தினி சின்ன வயது. கிறிஸ்டின் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

“செவப்புப் புள்ளிக்கு ஆயிரம் காரணம் இருக்கு ஆன்ட்டி. மூட்டைப்பூச்சி கடிச்சிருக்கலாம், அலர்ஜியா இருக்கலாம், டிங்கிக் காய்ச்சலா இருக்கலாம். சில மாத்திரைக்குக்கூட வரும். அங்கிள், சட்டையைக் கழட்டுங்க, பாப்போம்.”

“மொதல்ல ரத்தம் எடுத்துருங்க டாக்டர். இவ பயம் தீரட்டும்” என்றார் அமலதாஸ், சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு.

ரத்த முடிவு வர அரை மணி நேரம் ஆனது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கிறிஸ்டின் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள், எத்தனையாவது மணி என்பதே மறந்துபோயிற்று. பெற்ற ஒரே பிள்ளையைத் தானே துரத்திவிட்டாள். இவரும் போய்விட்டால் அந்த வீட்டில் யாரோடு பேசுவாள்?

“மாதாவே, இவரையாச்சும் எனக்கு விட்டு வைங்கம்மா” என்று வாய்விட்டே கேட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். “ரத்தத்துல ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. நிம்மதியா இருங்க” என்றாள் டாக்டர்.

கிறிஸ்டினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

“இப்ப முதுகைக் காட்டுங்க அங்கிள்.” அதற்கு மேல் அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. டாக்டர் சட்டையைத் தூக்கினாள், பார்த்த உடனே சிரித்தாள். “இதுக்கா இத்தனை கலாட்டா? கொக்கி கழட்டுனதும் விபூதியை மட்டும் தடவிட்டு விட்டுட்டீங்களா? ரெண்டு எடம் சீழ் வைக்கிற மாதிரி வீங்கியிருக்கு. நேத்துப் பங்குனி உத்திரத்துல காவடி எடுத்தவங்க, காலையிலேருந்து நாலு பேரு இதே முதுகோட வந்துட்டாங்க.”

கிறிஸ்டினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தை வாங்கிக்கொண்டு காருக்குள் ஏறினாள். கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

“காவடியா? தவக்காலத்துல, முருகன் கோயில்லயா? நீங்க ஏசுவுக்குத்தான் ஒருசந்தி இருக்கீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வப்பேன்?”

“அது அட்ரியன் எடுக்க வேண்டிய காவடி, கிறிஸ்டின். லோஷினி வேண்டிக்கிட்டது.”

“நல்லா இருக்கே! இருபத்தெட்டு வயசு எளவட்டம் அவன். அவன் எடுக்க வேண்டியதுக்கு அறுபத்து மூணு வயசுல நீங்க முதுகைக் குத்திக்கிட்டு வந்தீங்களா? ஐயாவால கோயில் வரைக்கும் நடந்து வர முடியலையாமா?”

அமலதாஸ் சாவியைத் திருகவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். முப்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

“உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் எட்டு மாசமா மறைச்சேன். சிங்கப்பூருக்கு வேலைக்கு மோட்டார் சைக்கிள்ல போனான். கெலாங் பாத்தா ரோட்டுகிட்ட லாரி மோதிருச்சு. உசுரு தப்புனா காவடி எடுப்பான்னு அந்தப் புள்ள முருகன்கிட்ட அழுதுச்சு.”

கிறிஸ்டின் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். “எம்புள்ளைக்கு உசுரு இருக்குல்ல? இருக்குன்னு சொல்லுங்க!”

“உசுரு இருக்கு. நடக்கத்தான் ரெண்டு காலும் இல்ல.”