முரடனைக் கேட்டு வந்தவர்கள்

அக்கா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பிரம்பு நாற்காலியில் பல் டாக்டர். சோபாவின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவர் மனைவி. மேசை விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி தம்பி. கதவோரம் முக்காலியில் அக்கா. நாய்களைப் பழக்குவது அக்கா, விற்பது தம்பி. அவள் காலடியில் தாய்நாய் செம்பி, பக்கத்துக் கூடையில் அதன் குட்டிகள் மூன்று.

மூலையில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் முரடன். செம்பியின் பழைய ஈற்றில் விலைபோகாமல் தங்கிவிட்டவன்.

"டேய் கண்ணா, இங்க பாரு." டாக்டரின் மனைவி பிஸ்கட்டை நீட்டினாள். முரடனின் ஒரு காது மட்டும் திரும்பியது.

"நீ கூப்பிடேன்க்கா," என்றான் தம்பி.

"வாடா," என்றாள் அக்கா. முரடன் வரவில்லை.

"ஊர்ல இருக்கற நாயெல்லாம் இவ பேச்சைக் கேக்கும். வீட்டு நாய் மட்டும் கேக்காது!" தம்பி சிரித்து மழுப்பினான். ஆனால் காலையிலேயே அவளிடம் கறாராகச் சொல்லியிருந்தான்: "இவங்களும் வேண்டாம்னுட்டா, இனிமே இவனை யார்கிட்டயும் காட்டப்போறதில்ல. உன் தலையிலதான் கட்டப்போறேன், பாத்துக்க."

அதிலிருந்து அக்காவுக்கு ஒரு வாய் காப்பி இறங்கவில்லை.

டாக்டர் எழுந்து மூலைக்குப் போனார். முரடன் திரும்பாமலே தொண்டைக்குள் உறுமினான். போன வேகத்தில் நாற்காலிக்குத் திரும்பினார் டாக்டர்.

"பழக்கறவங்க வீட்லயே இந்த லட்சணம்னா, நம்ம வீட்டுக்கு வந்தா என்ன பண்ணும்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "பிறவிப் பிடிவாதம் சார். பழகின நாய் எப்படி இருக்கும்னு இவளைப் பாருங்க."

இரண்டு விரலைத் தாழ்த்திக் காட்டினாள். செம்பி படுத்துக்கொண்டது. டாக்டரின் மனைவி பிஸ்கட்டை அதன் மூக்கருகே ஆட்டினாள். எச்சில் ஒழுகியதே தவிர, எழுந்திருக்கவில்லை.

"அப்புறம் எப்பத்தான் எந்திரிக்கும்?"

"பேரைச் சொல்லி முடிச்சு வைக்கணும்மா. அதுவரைக்கும் கூரையே விழுந்தாலும் அசையாது." அக்கா குனிந்து, "செம்பி, போதும்," என்றாள். பிஸ்கட் இருந்த இடம் தெரியவில்லை.

டாக்டரின் மனைவி சிரித்தாள். ஆனாலும் அவள் கண் மூலைக்கே போனது. "போட்டோவைப் பாத்தப்பவே இவன்தான்னு நினைச்சேன்."

"பகல்ல வீட்ல யாரும்மா இருப்பாங்க?"

"யாரு இருப்பா? இவர் கிளினிக்குக் கிளம்பிட்டா நானும் டி.வி.யும்தான்."

அக்காவுக்கு எங்கோ சுருக்கென்றது. ஒரு நிமிடம் முரடனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை இழுத்தாள்.

முதல் குட்டியை மல்லாக்கப் போட்டு நெஞ்சில் கை வைத்தாள். கடைசிவரை திமிறிக் கையைக் கடித்தது. "இது அண்ணனுக்குத் தப்பாத தம்பி. வேண்டாம்." இரண்டாவது துணிமாதிரி கிடந்தது. சாவிக்கொத்தைக் கீழே போட்டதும் சோபாவுக்கடியில் ஓடி ஒளிந்தது. "இதுக்கு ரொம்ப பயம். சத்தமில்லாத வீடா பாத்துக் குடுக்கணும்."

மூன்றாவது சற்று உதைத்துவிட்டு அடங்கியது. சாவி விழுந்ததும் திடுக்கிட்டது, பிறகு தானே போய் மோந்து பார்த்தது. அக்கா எழுந்து நடந்தாள். அது அவளை விட்டுவிட்டு, நேராக டாக்டர் மனைவியின் புடவை நுனியைப் பற்றி இழுத்தது.

"இதுதாம்மா உங்களுக்கு. அடுப்படிக்குப் போனாலும் பின்னாலேயே வரும். டி.வி. போடவே விடாது."

அந்த அம்மாள் குட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான் தம்பி.

"குட்டி போச்சு, சந்தோஷம். இந்தத் தடியன் இனி உன் பாடு. அந்த வெளியூர் வாத்தியார் இவனைக் கேட்டு எழுதியிருந்தாரே, அவருக்கும் இல்லேன்னு எழுதிடு. கையோட தபால்ல போட்டுடறேன்."

அக்கா மேசைக்கு வந்தாள். எதிர்ச்சுவர் முழுக்க அவள் பழக்கி அனுப்பிய நாய்களின் படங்கள். யார்யார் வீட்டு வாசலிலோ, யார்யார் மடியிலோ. அவள் நிதானமாக எழுதினாள்:

"அன்புடையீர், வணக்கம். தாங்கள் கேட்டிருந்த நாய் எவருக்கும் அடங்குவதாக இல்லை. குடும்பத்தோடு வைத்துக்கொள்ள ஏற்றதன்று. ஆகவே இனி விற்பனைக்கில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

உறையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினாள். ஓரம் பெயராதபடி கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்தாள்.

"வருத்தப்படாதக்கா, எல்லாம் அது பிறந்த நேரம்." தம்பி கடிதத்தைச் சட்டைப்பையில் செருகினான். செம்பியும் குட்டிகளும் ராத்திரி தங்குவது அவன் வீட்டில்தான், பிள்ளைகளோடு. கூடையை வேனில் ஏற்றினான். செம்பி தானாகத் தாவி ஏறியது.

வேன் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. வீட்டில் மிஞ்சியது குளிர்சாதனப்பெட்டியின் முனகல் மட்டும்.

அக்கா கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினாள். முரடன் அதே மூலையில், அதே சுவரைப் பார்த்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"முரடா, போதும்."