சனிக்கிழமைப் படகு

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மட்டும் மழை வரக் கூடாது, மச்சான். அதுக்கப்புறம் கொட்டட்டும், நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

வண்டியை ஓட்டிக்கொண்டே மெர்வ் இதைப் பதினோராவது தடவையாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த டார்சி, அவன் மனைவியின் தம்பி, கண்ணைத் திறக்காமலே தலையாட்டினான்.

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் மழைக்கு ஏங்காதவர் கிடையாது. வேண்டாமென்று வானத்தைக் கெஞ்சிய ஒரே ஆள் எங்கள் மெர்வ்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மழை பெய்தால் அந்தச் செம்மண் ரோட்டில் நாலு நாளைக்கு வண்டி நகராது.

"ஆத்தங்கரையில ஓய்வெடுக்கலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீங்க," என்றாள் பின்சீட்டில் அவன் மனைவி நோரீன். மடக்கு நாற்காலி அவள் மடியில் இருந்தது. "ரெண்டு நாளா புழுதி தின்னுட்டிருக்கேன்."

"நீ மர நிழல்ல காலை நீட்டிப் படு. யார் வேண்டாங்கிறா? எனக்குப் படகுப் போட்டிக் கோப்பை வேணும். ஆறு வருஷமா அந்த பேக்கரிக்காரங்க நம்மள முந்திட்டுப் போறாங்க. இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான். முட்டி இனி தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"முட்டியைக் காட்டினப்பவே மூளையையும் காட்டியிருக்கலாம்."

டார்சி கண்ணைத் திறந்தான். "இந்தத் தடவை படகு ரொம்ப லேசு அக்கா. மாமாவும் பத்து கிலோ இறக்கிட்டாரு. ஆறு மாசமா பீரைத் தொடலை."

"இருபது வருஷம் நான் கெஞ்சினேன். ஒரு படகுக்காக விட்டிருக்காரு." நோரீனுக்கு நிஜமாகவே வருத்தம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெட்ரோல் போட நின்ற இடத்தில் கடைக்கார அம்மாள் சுடச்சுட இறைச்சி அடைத்த ரொட்டி கொடுத்தாள். "வடக்கே ரெண்டு நாளா நல்ல இடியாம்," என்றாள் சாதாரணமாக.

மெர்வ் பாதியை அப்படியே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அடிக்கடி வானத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஆனால் கடைசி மேடு வரைக்கும் ரோடு காய்ந்துதான் கிடந்தது.

"தப்பிச்சோம் மாமா," என்றான் டார்சி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆற்றங்கரை வந்தது. வடக்கே பெய்த மழையில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடியது. நடுவில் வாத்துகள் வேறு.

"அடேங்கப்பா, என்ன அழகு," என்ற நோரீன் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியைக் கரையோரம் போட்டுக் கால்களைத் தண்ணீரில் விட்டாள். இருபது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது.

மெர்வ் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. பேக்கரிக்காரர்கள் கன்னத்தில் கை வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து வந்து மெர்வின் தோளைத் தட்டிவிட்டு, மரத்தில் தொங்கிய பலகையைக் காட்டினான்.

'ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டபடியால் இன்றைய படகுப் போட்டி ரத்து.'

மெர்வ் மெல்ல இறங்கி, வண்டி மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தான். அடிப்பலகையே இல்லாத அந்தப் படகைத் தலைவழியே இடுப்பில் மாட்டிக்கொண்டு, வருஷா வருஷம் போல வறண்ட ஆற்று மணலில் ஓடுவதற்கென்றே வாங்கிய புது ஷூக்களோடு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.